எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆன்ட்டி எச்பிசி ரியாக்டிவ்: அப்பாவுக்கு மேலும் சோதனை தேவையா?

பெரம்பூர் மகள்:
அறுபதைக் கடந்த என் அப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய்க்கான ரிடுக்சிமாப் ஊசியைத் தொடங்குமுன், கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் பிக்கான பரிசோதனைகளை மருத்துவர் எழுதித் தந்தார். எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆன்ட்டி எச்பிசி டோட்டல் ரியாக்டிவ் (அதாவது பாசிட்டிவ்). இப்போது வைரஸின் டிஎன்ஏ சோதனையும் செய்யச் சொல்கிறார். அவருக்குக் காமாலை வந்ததாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை, தடுப்பூசியும் போட்டதில்லை. வைரஸ் இல்லை என்று முதல் சோதனை சொல்லும்போது டிஎன்ஏ சோதனை எதற்கு?

அடையாறு லேப்:
சகோதரி, எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் வெளியுறைப் புரதம். அது இன்று இரத்தத்தில் தென்படவில்லை என்பதை மட்டுமே அந்த நெகட்டிவ் சொல்கிறது. ஆன்ட்டி எச்பிசியோ வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள். தடுப்பூசியில் வெளியுறைப் புரதம் மட்டுமே இருப்பதால் ஊசியால் இது வராது; எனவே, சோதனை பிழையாக ரியாக்டிவ் காட்டாதவரை, வைரஸ் என்றோ உள்ளே வந்திருக்கிறது என்றே பொருள். பலருக்கு அறிகுறியே இல்லாமல் வந்து போய்விடும். ஆனால் தொற்று அடங்கிய பிறகும் வைரஸின் மரபுப்பொருள் கல்லீரல் செல்களில் தங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்புப் பொருளை உருவாக்கும் பி செல்களை ரிடுக்சிமாப் அழிப்பதால், அடங்கிக் கிடந்தது மீண்டும் பெருகக்கூடும். அதனால்தான் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் வைரஸின் டிஎன்ஏ அளவைப் பார்க்கிறார்கள்.

அண்மையில் அவருக்கு இரத்தமோ இம்யூனோகுளோபுலினோ (பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் மருந்து) ஏற்றினார்களா? அதன் வழியாக வந்த எதிர்ப்பொருளும் ரியாக்டிவ் காட்டும்.

பெரம்பூர் மகள்:
ஏற்றவில்லை ஐயா. கீழாநெல்லி கொடுத்தால் போதும் என்கிறார் பெரியப்பா.

மயிலாப்பூர் மருத்துவர்:
கீழாநெல்லி வகைச் செடியைப் பற்றிச் சென்னை ஆய்வாளர்கள், இந்த வைரஸைக் கண்டறிந்த புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 1988இல் லான்செட் இதழில் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரியப்பா சொல்வதில் அந்த அளவுக்கு வரலாறு உண்டு. ஆனால் பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. இந்த நிலையில் அதை நம்பியிருக்க முடியாது.

வெளியுறைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளான ஆன்ட்டி எச்பிஎஸ் அளவையும் கேட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகோ அதற்கு மேலோ இருந்தால் பழைய தொற்று அடங்கி எதிர்ப்பாற்றல் வந்திருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் அதுவும் ரிடுக்சிமாபுக்கு முன் முழுக் காவல் ஆகாது. டிஎன்ஏ தென்படாவிட்டாலும், வைரஸை அடக்கும் என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கி, கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது ஓராண்டாவது தொடர்வதே வழக்கம். முதல் ஊசிக்கு முன்பே கல்லீரல் நிபுணரைப் பார்த்துவிடுங்கள்.