கிராமக் கணக்கெடுப்பு அட்டவணையும் கண்ணெதிரே உள்ள ஊரும் ஒத்துப்போகாதது ஏன்?

பெண்ணையாற்றங்கரை:
வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரின் மக்கள்தொகை, சமூக நிலை குறித்து ஊராட்சி நூலகத்துக்காக ஒரு குறிப்பு எழுதி வருகிறேன். 2011 கணக்கெடுப்பின் கிராம அட்டவணையைப் பார்த்தபோது சில ஐயங்கள் எழுந்தன. எழுத்தறிந்தோரை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால், பிறர் சொல்லும் விழுக்காட்டைவிடக் குறைவாக வருகிறது. காலனியில் உள்ள குடும்பங்களை நேரில் அறிந்த எனக்கு, அட்டவணையின் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை மிகக் குறைவாகத் தெரிகிறது. ஏரிக்கரை இருளர் குடும்பங்களும் முழுமையாக இடம்பெறவில்லை. எந்த எண்ணை நம்பி எழுதுவது?

கணக்குப்பிள்ளை மகன்:
எழுத்தறிவு விழுக்காட்டை 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்தே கணக்கிடுவார்கள். எடுத்துக்காட்டாக, 1,000 பேர் கொண்ட ஊரில் 6 வயது வரையுள்ள குழந்தைகள் 100 பேர், எழுத்தறிந்தோர் 630 பேர் என்றால், 630-ஐ 900-ஆல் வகுக்க வேண்டும். விடை 63 அன்று, 70. தமிழ்நாட்டுக்குச் சொல்லப்படும் 80.09 விழுக்காடும் இம்முறையில் வந்ததே.

காலனியில் கிறித்தவக் குடும்பங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகப் பதியப்படுவதால், அதே தெருவில் அதே ஒதுக்குதலுக்கு உள்ளாகி வாழும் கிறித்தவர்கள் அந்த எண்ணுக்குள் வருவதில்லை. இதை உங்கள் குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள்; இல்லையேல் படிப்பவர் காலனியையே சிறியதாக எண்ணிக்கொள்வார்.

செங்கல்மேடு:
இருளர் விடுபட்டதற்குக் காலமும் ஒரு காரணமாக இருக்கலாம். 2011-இல் ஆட்களை எண்ணும் பணி பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அந்த நாள்கள் முழுவதும் வெளியூரில் இருந்தவர்களைச் சொந்த ஊரில் சேர்க்கக் கூடாது என்பது விதி. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள், முன்பணக் கடன் தீரும்வரை திரும்புவதில்லை. எங்கள் பகுதியில் பூட்டிக் கிடந்த குடிசைகளை நானே பார்த்திருக்கிறேன். இருளர் பட்டியல் பழங்குடியினர்; பழங்குடியினராகப் பதியச் சமயக் கட்டுப்பாடு கிடையாது. எனவே அங்கே சமயத்தைக் காரணமாகத் தேட வேண்டியதில்லை.

மருதநிலத்தாள்:
பெண்களின் உழைப்பையும் கவனியுங்கள். சொந்த நிலத்தில் கூலியின்றிச் செய்யும் வேலையும் கணக்கெடுப்பின் வரையறைப்படி வேலைதான். ஆயினும் விடை சொல்பவர் பெரும்பாலும் ஆண். "வீட்டில்தான் இருக்கிறாள்" என்று அவர் சொல்லிவிட்டால், நாற்று நட்டு, களை பறித்து, மாடு கறக்கும் பெண் வேலை செய்யாதவர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். மேலும், "விவசாயி" என்ற எண்ணை நிலவுடைமை என்று கொள்ளாதீர்கள். குத்தகைக்குப் பயிரிடுபவர் அதில் உண்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஒதுங்கியவர் இல்லை.

உங்கள் மாவட்டத்து இருவேல்பட்டு 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் வழிநடத்திய மாணவர் ஆய்வில் இடம்பெற்ற ஊர். பின்வந்த ஆய்வாளர்களும் நிலம், கூலி, சாதி உறவு பற்றி அங்கேயே மீண்டும் மீண்டும் கேட்டறிந்ததால்தான் அந்த ஊரின் மாற்றம் நமக்குத் தெரிகிறது. அட்டவணை ஒன்றால் அது கிடைத்திராது.

பெண்ணையாற்றங்கரை:
அனைவருக்கும் நன்றி. விழுக்காட்டைத் திருத்திவிட்டேன். காலனியில் கிறித்தவக் குடும்பங்கள் கணிசமாக உண்டு, அதையும் குறித்துக்கொண்டேன். ஏரிக்கரைக் குடும்பங்கள் சூளைக்குப் புறப்படும் முன், மார்கழியிலேயே வீடு வீடாகச் சென்று, பெண்களிடம் நேரில் கேட்டு எழுதவிருக்கிறேன்.