கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊத்தினா போதுமா? ஆதாரம் இருந்தா காட்டுங்க

போரூர் வாசி:
நேத்து மாடித்தோட்டம் பகுதியில செம்மண் செல்வி அக்கா எழுதியிருந்தது இது: "கறிவேப்பிலைக்கு வாரம் ஒரு டம்ளர் புளிச்ச மோர் ஊத்துங்க. வேற உரமே வேண்டாம். பதினஞ்சே நாள்ல புதர் மாதிரி வரும்." அதுக்குக் கீழ வரிசையா எல்லாரும் நன்றி சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர்கூட எப்படின்னு கேக்கலை. எனக்கு மனசு ஆறலை, அதான் தனியாத் தொடங்கறேன்.

நான் ஊத்திப் பார்த்தவன். கார்த்திகையில ஆரம்பிச்சு தை முடியறவரைக்கும் வாரம் தவறாம ஊத்தினேன். 20 லிட்டர் பெயிண்ட் வாளி, செம்மண்ணும் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) பாதிக்குப் பாதி. ஒரு துளிர் வரலை. எறும்பு வந்துச்சு, பொடிப்பூச்சி வந்துச்சு, நாத்தம் தாங்கலைன்னு பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். மாசி பொறந்ததும் மோரை நிறுத்தினேன். அப்புறம்தான் துளிர்த்துச்சு.

கேள்வி ஒண்ணே ஒண்ணு. மோர் ஊத்தினதாலதான் வளர்ந்ததுன்னு காட்ட யார்கிட்டயாவது ஏதாவது இருக்கா?

செம்மண் செல்வி:
பேரைச் சொல்லி இழுத்துட்டீங்க, பதில் சொல்லாம இருக்க முடியாது. எங்க அம்மாச்சி காலத்துல இருந்து தயிர்ப்பானை கழுவின தண்ணி கறிவேப்பிலை மரத்துக்குத்தான் போகும். கொல்லையில நின்ன மரம் ஓட்டுக்கு மேல போச்சு. தெருவுல பாதிப் பேர் எங்க வீட்டுலதான் வந்து ஒடிச்சுட்டுப் போவாங்க. இப்ப என் மாடியிலயும் நாலு செடி, நாலும் செழிப்பா நிக்குது. உங்க வாளியில வரலைன்னா மோர் என்ன பண்ணும் தம்பி?

புதுத்தோட்டம்:
தப்பா எடுத்துக்காதீங்க. மோர்னா எந்த மோர்? கெட்டியா கடைஞ்சதா, தண்ணி விட்டதா? எத்தனை நாள் புளிக்கணும்? டம்ளர்னா காபி டம்ளரா, பெரிய டம்ளரா?

போரூர் வாசி:
அக்கா, அம்மாச்சி மரம் தரையில நின்னது. வேர் எங்கெல்லாம் போயிருக்கும்? பாத்திரம் தேய்ச்ச தண்ணி, அரிசி கழுவின கழுநீர், மாட்டுச்சாணம் எல்லாம் அந்தக் கொல்லைக்குத்தானே போயிருக்கும்? அத்தனையையும் விட்டுட்டு மோருக்கு மட்டும் மாலை போடறீங்க.

கணக்கே சொல்றேன். ஒரு லிட்டர் பால்ல புரதம் 32, 33 கிராம். அதுல தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 5 கிராம். மூணு பங்கு தண்ணி விட்டுக் கலக்கின மோர் ஒரு டம்ளர்ல கால் கிராம் தேறினா பெரிசு. கடலைப் புண்ணாக்குல கிலோவுக்கு 70 கிராம் தழைச்சத்து இருக்கு. ஒரு கைப்பிடி, 50 கிராம்னு வைங்க, அதுலயே மூணரை கிராம் ஆச்சு. இலைக்காக வளர்க்கிற செடிக்குத் தழைச்சத்துதான் முக்கியம். மோர்ல அது எங்கே?

காரமடைக்காரன்:
ஏனுங்க, எங்கூர்ல வந்து பாருங்க. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் கருவேப்பிலை ஏக்கர் கணக்குல நிக்குது. நானும் செங்காம்பு ரகம் போட்டிருக்கறேன். தொழுவுரம் போடறோம், அறுத்து முடிச்சதும் தண்ணி கட்டறோம். மோர் ஊத்தோணும்னா பால் வண்டியைத்தான் காட்டுக்குள்ள விடோணும்.

செடி புதராகறது நுனி கிள்ளறதுலதானுங்க இருக்குது. ஒத்தைக் குச்சியா மேல போக விட்டுட்டு, கிளை வரலை கிளை வரலைன்னா எப்படி வரும்? இடுப்பு உசரத்துல மண்டையை வெட்டி விடுங்க, பக்கத்துல நாலு கிளை அடிக்கும். பூவு வந்தா அதையும் கிள்ளிருங்க.

ஆனா மோரே வீணுன்னும் சொல்ல மாட்டேன். பஞ்சகவ்யாவுல தயிர் போடறோம், தேமோர்க் கரைசல்ல மோரேதான் இருக்குது.

செம்மண் செல்வி:
கேட்டுக்கோங்க! விவசாயியே சொல்லிட்டார். கொடுமுடி நடராஜன் ஐயா ஊர் ஊருக்குப் பரப்பின பஞ்சகவ்யாவுலயே தயிர் இருக்கு. அவருக்குத் தெரியாதது போரூர்ல இருக்கறவருக்குத் தெரிஞ்சிருச்சா?

போரூர் வாசி:
விவசாயி சொன்னதுல முதல் பத்தியை விட்டுட்டுக் கடைசி வரியை மட்டும் படிக்கறீங்க.

பஞ்சகவ்யா வேற. சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் சேர்த்து நாள்கணக்கா நொதிக்க வச்சு, லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி கலந்து தெளிக்கறது. தேமோர்க் கரைசல்ல தேங்காய்ப்பால் சேர்த்துப் புளிக்க வைக்கறாங்க, அதுவும் பூ நல்லா எடுக்கணும்னு. கறிவேப்பிலையில பூ வந்தா கிள்ளி எறியச் சொல்றார் அவரே. நான் கேட்டது மோர். வெறும் மோர். ஃப்ரிட்ஜ்ல மறந்துபோய் நாலு நாள் கிடந்த மோர்.

எழுத்தாணி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். "கருவேப்பிலை" என்று எழுதாதீர்கள். கறிக்குப் போடுகிற, வேப்பிலை போன்ற இலை, அதனால் கறிவேப்பிலை. மலையாளத்திலும் கறிவேப்பிலைதான். வளர்க்கிறவர்களே பேரைத் தப்பாக எழுதினால் எப்படி?

காரமடைக்காரன்:
கன்னடத்துல கரிபேவுங்கறாங்க, கருப்பு வேம்புன்னு அர்த்தம். எங்க பக்கம் கருவேப்பிலைதான். நீங்க எழுதிக் காட்டுங்க, நான் வளர்த்துக் காட்டறேன்.

வேர்முடிச்சு:
போரூர் வாசி தழைச்சத்தையே பிடிச்சுட்டுத் தொங்கறார். விஷயம் புளிப்புல இருக்கு. போர் தண்ணி கடினத் தண்ணி. அதையே ஊத்தி ஊத்தி வாளி மண்ணு காரத்தன்மைக்கு, அதாவது அமிலத்துக்கு எதிர்ப்பக்கம், போயிடும். மண்ணுல இரும்பு இருந்தும் வேரால எடுக்க முடியாது. இளசு இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா நிக்குதே, அது இதாலதான். புளிச்ச மோர்ல லாக்டிக் அமிலம் இருக்கு, அது கொஞ்சம் இரும்பை இளக்கிக் கொடுக்கும். முப்பது வருஷம் வேதியியல் நடத்தினவன் சொல்றேன், கேட்டுக்கோங்க.

போரூர் வாசி:
ஐயா, அந்த லாக்டிக் அமிலத்தை மண்ணுல இருக்கற நுண்ணுயிரி சீக்கிரமே தின்னு தீர்த்துடும். மறுநாள் காலையில அதே போர் தண்ணியை ரெண்டு லிட்டர் ஊத்தப் போறீங்க. ஒரு டம்ளர் மோர் அதை எத்தனை நாள் தாங்கும்? அப்படியே வெளுத்த இலை பச்சையாச்சுன்னு வைங்க. பச்சையாகறது வேற, புதராகறது வேற. அக்கா எழுதினது புதர்.

இன்னொண்ணும் சொல்றேன், இதை யாரும் யோசிக்கறதே இல்லை. குளிர் மாசத்துல கறிவேப்பிலை அப்படியே நின்னுடும். செடி வளரலையேன்னு மார்கழியில, தையில கவலைப்பட்டு மோர் ஊத்த ஆரம்பிக்கறோம். மாசி, பங்குனியில வெயில் ஏறினதும் அது தானாத் துளிர்க்கும். உடனே மோர் வேலை செஞ்சிடுச்சுன்னு படம் போடறோம். நான் மோரை நிறுத்தினதும் துளிர்த்தது. அப்ப மோரை நிறுத்தறதுதான் உரமா?

செம்மண் செல்வி:
இப்படிக் குதர்க்கம் பேசினா வீட்டுல ஒரு செடியும் வராது. எனக்கு ஆவணியிலயும் துளிர்த்திருக்கு, புரட்டாசியிலயும் துளிர்த்திருக்கு. மோர்தான்.

புதுத்தோட்டம்:
என் செடியில இலையோரத்தை ஏதோ கடிச்சிருக்கு. பறவை எச்சம் மாதிரி ஒண்ணு இலை மேலயே ஒட்டியிருக்கு, தொட்டா நெளியுது. இதுக்கும் மோர் தெளிக்கலாமா? அப்புறம், எந்த மோர்னு யாரும் சொல்லலையே.

காரமடைக்காரன்:
அது வண்ணத்துப்பூச்சிப் புழுங்க. கருவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், ரெண்டுலயும் வந்து முட்டை வெக்கும். பெரிசானா பச்சையா மாறிரும். கையில எடுத்து வேற மரத்துல விட்டுருங்க. மருந்து அடிக்காதீங்க, திங்கற இலைங்க.

எழுத்தாணி:
மறுபடியும் கருவேப்பிலை.

போரூர் வாசி:
செல்வி அக்கா, சண்டை வேண்டாம். உங்ககிட்ட நாலு செடி இருக்கு. ரெண்டுக்கு மோர் ஊத்துங்க, ரெண்டுக்கு அதே அளவு வெறும் தண்ணி ஊத்துங்க. ஆடியில தொடங்கி மூணு மாசம், வாராவாரம் தேதி போட்டுப் படம் எடுங்க. மோர் குடிச்ச செடி முந்தினா இங்கயே வந்து ஒத்துக்கறேன்.

செம்மண் செல்வி:
மாட்டேன். நாலும் நான் விதை போட்டு எடுத்த பிள்ளைங்க. ரெண்டுக்குக் கொடுத்துட்டு ரெண்டைப் பட்டினி போட எனக்கு மனசு வராது. அதுவும் உங்களுக்காகவா? ரெண்டு வருஷம் முன்னாடி நாட்டு வெண்டைன்னு ஒரு பொட்டலம் அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா? முப்பது விதையில ஒண்ணுகூட முளைக்கலை. அதுக்கு ஆதாரம் என்கிட்ட இருக்கு, பொட்டலத்தை இன்னும் தூக்கிப் போடலை.

போரூர் வாசி:
அதை இங்க இழுக்கறீங்களா? சரி. ஆடிப்பட்டத்துக்குன்னு உங்களுக்கு ஆனியிலயே அனுப்பினேன். நீங்க ஐப்பசி அடைமழையில, தண்ணி தேங்கின பையில போட்டீங்க. நீங்களே எழுதியிருந்தீங்க. அழுகாம என்ன பண்ணும்? அதே விதையில என் வீட்டுல அந்த வருஷம் வாரத்துக்கு ரெண்டு தடவை வெண்டைக்காய் பறிச்சோம். விதை முளைக்கலைன்னதும் ரெண்டு வருஷம் மனசுல வச்சிருக்கீங்க. மோர் வேலை செய்யலைன்னா மட்டும் என் வாளி தப்பு.

வேர்முடிச்சு:
ஒரு சந்தேகம். போரூர் வாசி ஊத்தினது குடிக்கறதுக்குக் கரைச்ச மோரா? உப்புப் போட்டதா?

போரூர் வாசி:
வீட்டுல மீந்த மோர்தான். ஒரு சிட்டிகை உப்பு இருந்திருக்கும். அதனால ஒண்ணும் ஆகாது. எங்க போர் தண்ணியில இருக்கற உப்பு அதைவிட ஜாஸ்தி.

செம்மண் செல்வி:
உப்பு! உப்புப் போட்ட மோரைப் பச்சைச் செடிக்கு ரெண்டரை மாசம் ஊத்தியிருக்கீங்க! அதுல இஞ்சி, பச்சைமிளகாயும் தட்டிப் போட்டீங்களா? இவ்வளவு நேரம் எங்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்தது இந்த மோரை வச்சுத்தானா?

போரூர் வாசி:
நீங்க எழுதினதுல உப்பு இல்லாத மோர்னு எங்கயும் இல்லை, போய்ப் பாருங்க. ஒரு டம்ளர் புளிச்ச மோர், அவ்வளவுதான் இருக்கு. உப்பு ஒரு சிட்டிகை இருந்ததோ இல்லையோ, தழைச்சத்துக் கணக்கு மாறப்போறதில்லை. மாசியில துளிர்க்கறது மாறப்போறதில்லை. பேச்சை மாத்தாதீங்க.

காரமடைக்காரன்:
நுனியைக் கிள்ளுனீங்களா இல்லீங்களா, அதைச் சொல்லுங்க ரெண்டு பேரும்.

போரூர் வாசி:
கிள்ளறதைப் பத்தித் தனியாப் பேசலாம். இங்க மோர். நாலாவது தடவையாக் கேக்கறேன்: மோர் ஊத்தினதாலதான் வளர்ந்ததுன்னு காட்ட யார்கிட்ட என்ன இருக்கு? அம்மாச்சி வேண்டாம், பஞ்சகவ்யா வேண்டாம். ரெண்டு செடி, ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒண்ணுக்கு மோர். அவ்வளவுதான்.

செம்மண் செல்வி:
என் மாடிக்கு வந்து பாருங்க. சாம்பாருக்கு ஒடிச்சுத் தர்றேன், எடுத்துட்டுப் போங்க. படமெல்லாம் போட மாட்டேன்.

புதுத்தோட்டம்:
அப்ப உப்பு இல்லாத மோர், சரி. தண்ணி எவ்வளவு கலக்கணும்?