ரூன் கல்லும் டாரோ சீட்டும் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கானாடுகாத்தான் பேத்தி:
எழுதாவிட்டால் மனம் ஆறாது. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தோம். பெரிய வீட்டில் எங்கள் பங்கைக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு அப்போது முற்றியிருந்தது. பெண் வீட்டார் பக்கமிருந்து வந்த ஓர் அக்கா படச் சீட்டு எடுத்துக் குறி சொல்லும் டாரோ பார்ப்பார், பழைய ஜெர்மானிய எழுத்து பொறித்த ரூன் கல்லும் சேர்த்து. இரண்டாம் கட்டில் உட்கார்ந்து சீட்டு எடுத்தேன். நடுவில் விழுந்தது டென் ஆஃப் பென்டகிள்ஸ். வளைவு வாசல், அங்கி போட்ட பெரியவர், இரண்டு வெள்ளை நாய்கள், தம்பதி, ஒரு பிள்ளை. பெரியவர் உட்கார்ந்திருக்கிற தோரணை அப்படியே முகப்பில் எங்கள் ஐயா.

"இதுமேல வைக்க ஒரு கல் எடும்மா" என்றார். ஒதாலா என்ற எழுத்து வந்தது. பூர்வீகச் சொத்து, குடும்ப வீடு என்று அதற்குப் பொருள். ஆனால் தலைகீழ்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் அந்தக் கல்லை மெதுவாக நேராகத் திருப்பி வைத்தார். விரலில் இருந்த கல்யாண வீட்டுச் சந்தனம் கல்லின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. "வீடு நிலைக்கும்மா" என்றார். திருப்பியதை நான் பார்த்தேன் என்பது அவருக்கும் தெரியும். எனக்கு வந்த பதில் எது? விழுந்ததா, அவர் வைத்ததா?

தேவகோட்டை ரஸ்தா:
சிங்கப்பூர் வேலைக்கு பெர்மிட் எதிர்பார்த்திருந்த நேரம். நைட் ஆஃப் வாண்ட்ஸ் வந்தது, பாய்கிற குதிரை. அதன்மேல் ஈசா. ஒற்றை நேர்க்கோடு, பனிக்கட்டி என்று பொருள். சீட்டு ஓடு என்கிறது, கல் நில் என்கிறது. பார்த்தவர் கற்களை ஓலைக் கொட்டானில் வைத்திருந்தார். அதைக் குலுக்கி நிறுத்திவிட்டுச் சொன்னார்: "குதிரை நீங்க, பனி உங்க தரை. ஓட்டாதீங்க, நடத்திப் போங்க." அதுவரை நான் சண்டைக்குப் போவதுபோல ஏஜெண்டுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றோடு விட்டேன். பெர்மிட் தாமதமாகத்தான் வந்தது, இப்போது அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

மேலே எழுதிய சகோதரிக்கு: அந்த அக்கா செய்தது சரியில்லை. ஈசாவை எப்படிப் புரட்டினாலும் ஈசாதான். பெருக்கல் குறி போன்ற கெபோவும் அப்படி. ஒதாலாவுக்குத் தலை உண்டு, கால் உண்டு. வந்ததை வந்தபடி சொல்ல மனசு வரவில்லை என்றால் பார்க்கவே உட்காரக் கூடாது.

ஏட்டுச்சுவடி:
காரைக்குடியில் ஒருவர் என் சீட்டின்மேல் எழுத்தே இல்லாத கல்லை வைத்து, "இது விதி, இதுக்கு மேல கேக்கக் கூடாது" என்று எழுந்துவிட்டார். இன்றுவரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. வெற்றுக் கல் பழைய வழக்கமே இல்லை. 1982இல் அமெரிக்காவில் ரால்ஃப் ப்ளம் வெளியிட்ட ரூன் புத்தகத்தோடு பரவியது அது.

எல்லோரும் நார்ஸ் ரூன், அதாவது பழைய ஸ்காண்டிநேவிய ரூன் என்கிறோம். நம் கையில் இருக்கிற 24 எழுத்துத் தொகுதி வைக்கிங் காலத்துக்கு (ஏறத்தாழ 8 முதல் 11ஆம் நூற்றாண்டு) முந்தியது. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் கிடைத்த கில்வர் கல்லில் அந்த வரிசை இருக்கிறது. வைக்கிங் காலத்தில் ஸ்காண்டிநேவியாவில் புழங்கியது 16 எழுத்துதான், ஒதாலா அதில் இல்லை. அதன் பொருளுக்கு நாம் நம்புவது ரூன் எழுத்துகளை விளக்கும் பழைய ஆங்கிலப் பாடலை. பழைய கல்வெட்டுகளில் எழுத்து தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கிறது. தலைகீழ் என்றால் கெட்ட பலன் என்பது இந்தக் காலத்து ஜோசியர்கள் டாரோவைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. டாரோவும் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத்தான் இருந்தது, குறி பார்க்க வந்தது 18ஆம் நூற்றாண்டு பிரான்சில். நம்மிடம் இருக்கும் படங்கள் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் லண்டனில் வந்தவை. ஆகவே கல் தலைகீழாக வந்ததும் பெரிதல்ல, அந்த அக்கா திருப்பியதும் பெரிதல்ல.

சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் சீட்டை முழுசாகப் படியுங்கள். அப்புறம் ஒரே ஒரு கல். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கல் வைத்தால் 78 படமும் 24 எழுத்தும் கலந்து எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சீட்டு நடப்பைக் காட்டும், கல் அதன் அடியில் இருப்பதைக் காட்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டும் முரண்பட்டால் மூன்றாவது எடுக்காதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, நீங்கள் படித்தவர், ஆண்டெல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது ஆண்டு இல்லையே. கோவிலில் பூப்போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு விவரம் தெரியாத பிள்ளையை எடுக்கச் சொல்வோம். என் நாத்தனார் மகளுக்கு வரன் கேட்டபோது சிவப்பு வந்தது. வெள்ளை வந்தால்தான் முடிப்பது என்று பேச்சு. பிரித்ததும் என் மாமியார் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சரி, வேற பாப்போம்" என்றார்கள். எல்லாருக்கும் பிடித்த மாப்பிள்ளை. இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எடுத்த கையை நம்பித்தானே கேட்கிறோம்? கல்லைத் திருப்பிவிட்டால் அந்தப் பிள்ளை எடுத்ததற்கு என்ன மரியாதை?

ஏட்டுச்சுவடி:
ஆச்சி, கையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஏறத்தாழ கி.பி. 98இல் ரோமானியர் டாசிடஸ் ஜெர்மானியர் குறி பார்க்கும் முறையை எழுதியிருக்கிறார். காய்க்கும் மரத்துக் கிளையை வெட்டித் துண்டாக்கி, குறியிட்டு, வெள்ளைத் துணியில் சிதற விடுவார்கள். பொதுக் காரியம் என்றால் பூசாரி, வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவர், வானத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக மூன்று எடுப்பார். அந்தக் குறிகள் ரூன்தான் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எடுக்கும்போது கண் துணியில் இல்லை.

சீட்டும் கல்லும்:
நான் பார்க்கிறவன், அதனால் அந்த அக்காவுக்காக ஒரு வார்த்தை. எதிரே இருப்பவர் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவது லேசான வேலை இல்லை. ஒரு பெரியவர் வந்தார். ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் மகனோடு போய் இருக்கலாமா என்று கேள்வி. டெத் (மரணம்) சீட்டும் டகாஸ் கல்லும் வந்தன. எனக்கு நல்ல சேர்க்கை. டகாஸ் என்றால் பகல், அந்தச் சீட்டிலும் பின்னால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருக்கிறது. ஒரு காலம் முடிந்து இன்னொன்று விடிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சீட்டில் குதிரைமேல் வரும் எலும்புக்கூட்டையும் பார்க்கவில்லை, சூரியனையும் பார்க்கவில்லை. குதிரைக்கு முன்னால் மண்டியிட்டிருக்கும் குழந்தைமேல் விரலை வைத்து, "இது யாரு தம்பி? என் பேத்தியா?" என்றார். நான் எத்தனை விதமாக விளக்கியும் விரலை எடுக்கவே இல்லை. அந்த நேரத்தில் அந்தச் சீட்டை மாற்றிவைக்க என் கையும் துடித்தது. மாற்றவில்லை. பணம் வேண்டாம் என்று சொல்லி, பேத்தியோடு அங்கேயே போனில் பேசவைத்து அனுப்பினேன்.

கோட்டையூரான்:
எங்கள் பாக வழக்கு நடந்தபோது ஜஸ்டிஸ் சீட்டும் திவாஸ் கல்லும் ஒன்றாக வந்தன. திவாஸ் டிர் என்ற நார்ஸ் தேவனின் எழுத்து. ஓநாய் வாயில் கையை வைத்து, கொடுத்த வாக்குக்காக அந்தக் கையை இழந்தவர். பார்த்தவர் "ஜெயிப்பீங்க, ஆனா ஒரு கை போகும்" என்றார். வீடு கிடைத்தது, சித்தப்பா வீட்டோடு பேச்சு நின்றது. அவ்வளவுதான் என் கதை.

கானாடுகாத்தான் தங்கச்சி, கல் நேரோ தலைகீழோ, முதலில் தாய்ப்பத்திரத்தைத் தேடி எடுங்கள். வில்லங்கச் சான்று போடுங்கள். பங்காளிகளில் யார் யார் பர்மா, மலேசியா என்று போய் அங்கேயே தங்கிவிட்டார்கள், வாரிசு யார் என்று எழுதி வையுங்கள், பெண் பிள்ளைகளை விடாமல். பிரிக்காத பங்கை வெளியாளுக்கு விற்றாலும் குடும்ப வீட்டில் அவர் கூட வந்து குடியேற உரிமை கேட்க முடியாது. அவர் பாகம் பிரிக்க வழக்குப் போட்டால், மதிப்புப் போட்டு அந்தப் பங்கைப் பங்காளியே வாங்கிக்கொள்ள 1893ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் வெளியே கொடுக்கும் முன் பங்காளிகளிடம் விலை கேளுங்கள். கொடுப்பதென்றே முடிவானால் முன்னோருக்குப் படைப்பு போடுகிற அறையை மட்டும் பொதுவில் நிறுத்தி, வருடத்தில் எந்த நாளில் யார் யார் வரலாம் என்பதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறைக்கு நிற்காது.