கோத்தகிரி குளிரை நம்பி ரைசன் 2600 சிப்பை 4.0 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏத்துனேன், சாயங்காலம் ஆனா ரீஸ்டார்ட் ஆகுது

கோத்தகிரி எடிட்டர்:

வணக்கம். கல்யாண வீடியோ எடிட் பண்ற ஆள் நான். கோத்தகிரிக்குப் பக்கத்துல ஒரு ஹட்டி (படுகர் ஊர்), வீட்டு மாடி ரூம்தான் ஸ்டுடியோ. சிஸ்டம் 2019-ல கோவை போய் வாங்கினது. ரைசன் 5 2600 சிப், பி450 போர்டு, ரெண்டு 8 ஜிபி 3000 ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, சிப் டப்பாவோட வந்த அதே குட்டிக் கூலர். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை டப்பா) கேபினெட்டோடயே வந்தது. '450 வாட்'னு ஸ்டிக்கர் இருக்கு, எந்தக் கம்பெனின்னு எங்க தேடியும் பேரு இல்ல.

டிசம்பர் ராத்திரி என் ரூம்ல 11 டிகிரி. குல்லா போட்டுக்கிட்டு, கைய தொடைக்கு நடுவுல வெச்சு சூடு பண்ணிட்டுத்தான் மவுஸ் பிடிப்பேன். இவ்ளோ குளிர் சும்மா கெடக்கே, ஏன் வீணாக்கணும்னு ஒரு நாள் தோணிச்சு. பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ்) போய் சிப்போட எல்லா கோரையும் தானா ஓடற வேகத்துக்கு மேல ஏத்தி (ஓவர்கிளாக்), 4.0 ஜிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்னு வெச்சேன். கேபினெட்டோட பக்கத் தகட்டைக் கழட்டி ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சாச்சு. அம்மா வந்து "பனி உள்ள வருது, கிறுக்குப் புடிச்சிருக்கா"ன்னு ஜன்னலைச் சாத்திட்டுப் போறதும், நான் திரும்பத் தொறக்கறதும் தனிக் கதை.

முன்னாடி ரெண்டர் ஆக (முடிஞ்ச வீடியோவை ஃபைலா எழுத) 52 நிமிஷம் எடுத்த ஒரு கல்யாணம் 47 நிமிஷத்துல முடிஞ்சுது. நாலு நாள் ராஜா மாதிரி இருந்தேன். அஞ்சாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, 83 பர்சன்ட்ல, பொட்டுன்னு போய் தானா ரீஸ்டார்ட். அப்புறம் தினம் அதே கதை. ராத்திரி 11 மணிக்கு மேல ஓட்டுனா ஒண்ணும் ஆகறதில்ல. சூடு எப்பப் பாத்தாலும் 74-ஐத் தாண்டல.

ஜனவரில ஹெத்தையம்மன் பண்டிகை. மூணு ஊர் வீடியோ என் தலைல இருக்கு. எல்லாரும் வெள்ளை உடுப்புல வர்றதால வெயில்ல பூரா வெளுத்துப் போய் விவரமே இருக்காது, அதுக்காகவே இந்த வருஷம் 10 பிட் கேமரா (நிறத்தை இன்னும் நுணுக்கமாப் பதியறது) எடுத்தேன். அந்த ஃபைலை டைம்லைன்ல போட்டா மாடு இழுக்கற மாதிரி இழுக்குது.

கையில 15,000 ரூபா இருக்கு. வோல்டேஜை 1.4 ஆக்கிப் பாக்கட்டுமா, பெரிய கூலர் வாங்கட்டுமா, இல்ல சிப்பையே மாத்தட்டுமா?

வெயில்காரன், சென்னை:

11 டிகிரியா! இங்க ராத்திரி பத்து மணிக்கும் ரூம்ல 31. என் சிப் ஒண்ணும் பண்ணாம சும்மா இருக்கறப்பவே உங்க ரெண்டர் சூட்டுல பாதிக்கு மேல காட்டும். அந்த ஜன்னலை இங்க அனுப்பி வைங்க. கேள்விக்குப் பதில் தெரியாது, வயித்தெரிச்சல்ல எழுதுறேன்.

குன்னூர் சர்வீஸ்:

தம்பி, 1.4 பக்கமே போகாதீங்க. மலைல இருபது வருஷமா சிஸ்டம் கழட்டி மாட்டறேன். "இங்கதான் குளிராச்சே"ன்னு ஆரம்பிக்கற ஆளுங்களை வருஷத்துக்கு நாலு பேரைப் பாத்துடறேன்.

குளிர் உதவாதுன்னு சொல்லல. ஆனா நீங்க நெனைக்கற அளவு இல்ல. உங்க வீட்டுல குக்கர் இல்லாம பருப்பு வேகுமா? லேசுல வேகாது. ஊட்டி 2,240 மீட்டர், அங்க தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், ஏன்னா காத்தழுத்தம் கம்மி. கூலர் ஃபேன் வீசறதும் அதே மெலிஞ்ச காத்துதான். கீழ இருக்கறதைவிட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கனம் கம்மி, அதனால ஒவ்வொரு சுத்துக்கும் அள்ளிட்டுப் போற சூடும் கம்மி. சென்னைல 33 டிகிரி ரூம்ல ஒரு கூலர் சிப்பை அதுக்கு மேல 50 டிகிரில நிறுத்துதுன்னு வைங்க, 83. இங்க ரூம் 13, ஆனா அந்த 50 இங்க 55, 57 ஆயிடும். 20 டிகிரி லாபம்னு கணக்குப் போட்டிருப்பீங்க, கைக்கு வர்றது 13. லாபம்தான், இல்லைங்கல.

இப்ப அந்த அஞ்சு நிமிஷத்துக்கு என்ன குடுத்தீங்கன்னு பாருங்க. நான் பாத்த 2600 எல்லாம் தானா விட்டா, எல்லா கோரும் ஓடறப்ப 3.65 கிட்ட, 1.2 வோல்ட் கிட்ட நிக்கும். சிப் தின்னற கரண்ட் வேகத்தோட ஒரு தடவையும் வோல்டேஜோட ரெண்டு தடவையும் பெருகும். 1.2-ல இருந்து 1.35-க்குப் போனதுக்கே 27 பர்சன்ட் கூடிடுச்சு, வேகத்தையும் சேத்தா 39 கிட்ட. பத்து பர்சன்ட் வேகத்துக்கு நாப்பது பர்சன்ட் சூடு. காய்கறி மண்டில இப்படி வியாபாரம் பண்ணுவீங்களா?

ஆனா உங்க ரீஸ்டார்ட்டுக்கு சூடு காரணம் இல்லன்னுதான் என் சந்தேகம். அந்த சிப் 95 டிகிரி வரைக்கும் தாங்கும். எனக்கு ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, ஈவென்ட் வியூவர் (விண்டோஸோட பதிவேடு) தொறந்து, சிஸ்டம் விழுந்த நேரத்துல கெர்னல் பவர் 41 (ஒழுங்கா ஆஃப் ஆகாம நின்னுதுங்கற குறிப்பு) மட்டும் இருக்கா, இல்ல கூடவே டபிள்யூஹெச்இஏ எர்ரரும் (ஹார்டுவேர் தப்பு) இருக்கான்னு பாருங்க. ரெண்டு, ஏழு மணிக்கு பிளக்ல மல்டிமீட்டர் வெச்சு எவ்ளோ காட்டுதுன்னு பாருங்க. மீட்டர் இல்லன்னா ஊர் ஒயர்மேன்கிட்ட வாங்கிக்கங்க.

அப்புறம், ஜன்னலை உங்கம்மா சொல்ற மாதிரி சாத்தி வைங்க. ஓடிட்டிருக்கற மெஷின்ல ஈரம் படியாது, அது ரூமைவிடச் சூடா இருக்கும். ஆஃப் பண்ணிட்டு ஜன்னலைத் தொறந்து விட்டுத் தூங்கினீங்கன்னா, அதுதான் ஆபத்து. ராத்திரி பூரா தகடு ஜில்லுன்னு ஆகி, காலைல பக்கத்துல யாராவது வெந்நீர் கொதிக்க வெச்சா கண்ணாடில படியற மாதிரி போர்டுல படியும். போன உறைபனி சமயத்துல ஊட்டில இருந்து ஒரு கஸ்டமர் கொண்டு வந்தார், ரேம் காலெல்லாம் மங்கிப்போய்க் கெடந்தது. ஸ்கூல் பசங்க ரப்பர் வெச்சுத் தேச்சேன், ஓடுச்சு. எல்லாத் தடவையும் ஓடாது.

கோத்தகிரி எடிட்டர்:

அண்ணா, பாத்துட்டேன். ஈவென்ட் வியூவர்ல 41 மட்டும்தான். ஒன்பது தடவை, ஒன்பதும் 6:40-க்கும் 8:30-க்கும் நடுவுல. டபிள்யூஹெச்இஏ ஒண்ணுகூட இல்ல.

மீட்டர்: மத்தியானம் 221. ஏழு மணிக்கு 178! எங்க வீடு லைனோட கடைசி. அந்த நேரத்துல ஊர்ல எல்லா வீட்லயும் ஹீட்டர் ஓடும். இதே மாவட்டத்துல பைக்காரா, குந்தான்னு அணை கட்டி ஊருக்கெல்லாம் கரண்ட் எடுக்கறாங்க, என் வீட்டுப் பிளக்குக்கு வர்றப்ப 178.

குன்னூர் சர்வீஸ்:

அதேதான். சிப் தப்புப் பண்ணியிருந்தா பெரும்பாலும் அந்த இன்னொரு எர்ரர் விழுந்திருக்கும். உங்க எஸ்எம்பிஎஸ் பின்னாடி 115 / 230னு ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும், பாருங்க. இருந்தா அது பழைய டிசைன். 180-க்குக் கீழ வந்தா மூச்சு வாங்கும். சாதாரண வேகத்துல சிஸ்டம் கம்மியாக் கேட்டுச்சு, எப்படியோ சமாளிச்சுது. நீங்க நாப்பது பர்சன்ட் ஏத்தினதும் முடியல.

தயவுசெஞ்சு அந்த சுவிட்சை 115-க்குத் தள்ளிடாதீங்க. ஒருத்தர் தள்ளினார். வெடிச்ச சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் ரெண்டு நாள் வெளிய வரல.

ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரி பண்ற சர்க்யூட்) இருக்கற எஸ்எம்பிஎஸ்ஸா ஒரு 550 வாட் வாங்குங்க. பெரும்பாலும் 100-ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் எடுத்துக்கும், ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும். காசு முதல்ல அதுக்கு.

கோவை டைம்லைன்:

நானும் எடிட்டர்தான். எல்லாரும் கரண்டையே பேசறீங்க, டைம்லைன் இழுக்கறதை யாரும் கேக்கல. அந்தக் கேமரா ஃபைல் 10 பிட் 4:2:2 ஹெச்.265 (நிறத்தைக் கூடுதலா வெச்சு இறுக்கிச் சுருக்கின வகை) தானே? அப்படின்னா உங்க 1650 அதைத் தொடவே தொடாது. என்விடியா கார்டுகள்ல 4:2:2 டீகோடு (சுருக்கின வீடியோவைப் பிரிக்கறது) 50 சீரிஸ்லதான் வந்துச்சு. இன்டெல்ல 11-ம் தலைமுறைல இருந்து உள்ளேயே இருக்கற கிராபிக்ஸ் அதைப் பண்ணும், அதான் நம்ம ஆளுங்க பல பேரு இப்ப அந்தப் பக்கம் சாயறாங்க. உங்ககிட்ட ஆறு கோரும் உட்காந்து கையாலயே பிரிச்சிட்டிருக்கு. 4.0 இல்ல, 4.5-க்கு ஏத்தினாலும் இழுக்கத்தான் இழுக்கும்.

ப்ராக்ஸி போடுங்க. ராத்திரி தூங்கறப்ப எல்லா ஃபைலுக்கும் சின்ன சைஸ் நகல் எடுக்க விட்டுட்டா, காலைல அதுல வெட்டலாம். கடைசி ரெண்டர் மட்டும் ஒரிஜினல்ல. காசு பைசா செலவில்ல.

இன்னொண்ணு, டாஸ்க் மேனேஜர்ல ரேம் வேகம் எவ்ளோ காட்டுது? சும்மா கேக்கறேன்.

கோத்தகிரி எடிட்டர்:

2133 காட்டுது. 3000 ரேம்தானே வாங்கினேன்? பில் இருக்கு!

கோவை டைம்லைன்:

நெனச்சேன். பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) போடாம விட்டா 3000 ரேம் பெரும்பாலும் இப்படிக் கம்மி வேகத்துலதான் ஓடும். ரைசன்ல ரேம் வேகத்தோடதான் சிப்புக்குள்ள இருக்கற பாதையும் ஓடுது, அதனால இழப்பு டபுள். 2019-ல இருந்து குடுத்த காசுல கால்வாசி சும்மா தூங்கிட்டிருந்திருக்கு. சிப்பை ஏத்தறதுக்கு முன்னாடி இதைப் போட்டிருக்கணும் பாஸ்.

குன்னூர் சர்வீஸ்:

கோவைத் தம்பி சொன்னது சரி. சிப் மாத்தறதா இருந்தா உங்க போர்டுலயே ரைசன் 5600 உக்காரும், 65 வாட்தான், கூலர் டப்பாவோட வரும். 5700 எக்ஸ் எட்டுக் கோர், ஆனா கூலர் தனியா வாங்கணும். உங்க போர்டுல சிப் உக்கார்ற ஏஎம்4 சாக்கெட்ல அந்த ஒரு சௌகரியம், 2017-ல வந்த சிப்பும் 2022-ல வந்த சிப்பும் ஒரே குழில உக்காரும். பழைய சிப் மாட்டியிருக்கறப்பவே பயாஸ் அப்டேட் பண்ணிடணும், அப்புறந்தான் புதுசு. அப்டேட் நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு செங்கல்தான், ஆன்கூட ஆகாது. எனக்கே ஒரு ஜூலை மழைல நடந்திருக்கு, மேல எங்கயோ மரம் விழுந்து பொசுக்குன்னு போச்சு. கஸ்டமருக்கு என் காசுல போர்டு வாங்கிக் குடுத்தேன். யுபிஎஸ் இல்லாம கை வைக்காதீங்க.

கூலரைக் கழட்டறதா இருந்தா பத்து நிமிஷம் ரெண்டர் ஓடவிட்டு, சூடு ஏறி, சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவியிருக்கற பேஸ்ட் இளகினப்புறம் ஆஃப் பண்ணிக் கழட்டுங்க. நேரா மேல இழுக்காதீங்க, இப்படியும் அப்படியும் திருகி எடுங்க.

கோத்தகிரி எடிட்டர்:

ஒரு வாரம் ஆச்சு, சொல்லிடறேன்.

எஸ்எம்பிஎஸ் மாத்தியாச்சு. பழசுல சிவப்பு சுவிட்ச் இருந்தது. கழட்டறப்போ எடை கையில தெரிஞ்சுது, புதுசுல பாதிகூட இல்ல. ஓவர்கிளாக்கை எடுத்துட்டேன், எக்ஸ்எம்பி போட்டேன். அதே கல்யாணம் இப்ப 49 நிமிஷம். ப்ராக்ஸில வெட்டறப்போ வெண்ணெய் மாதிரி போகுது, இவ்ளோ நாள் எதுக்குக் கஷ்டப்பட்டேன்னு தெரியல.

நடுவுல ஒரு முட்டாள்தனம். அண்ணா சொன்னதைப் படிச்சிட்டு, மறந்துட்டு, காலைல ஆறு மணிக்கு பேஸ்ட் மாத்தலாம்னு உக்காந்தேன். ரூம் 9 டிகிரி. நாலு ஸ்க்ரூவையும் கழட்டிட்டு நேரா மேல இழுத்தேன். வரல. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். 'டக்'. கூலர் கையோட வந்துடுச்சு, அதுக்கு அடில சிப்பும். லிவர் பூட்டியபடியே இருக்கு, சாக்கெட் காலி. இத்தனை வருஷப் பேஸ்ட் காஞ்ச சுண்ணாம்பு மாதிரி புடிச்சிருந்தது. 1331 பின் இருக்கற சிப்பு அது, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ஒரு மூலைல ரெண்டு மட்டும் தலை சாஞ்சு நின்னுது. எனக்கு அந்தக் குளிர்ல வேர்த்துச்சு.

தங்கச்சியோட மைக்ரோ டிப் பென்சிலை லெட் இல்லாம எடுத்து, அந்தக் குழாய்க்குள்ள பின்னை விட்டு, நிமித்தினேன். ஒரு பின்னுக்கு கால் மணி நேரம். அம்மா டீ கொண்டு வந்து வெச்சு, ஆறி, திரும்ப எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் சாக்கெட்ல வெச்சேன், அழுத்தாமலே உள்ள இறங்குச்சு. ஆன் ஆச்சு.

இதை டைப் பண்றப்போ மணி 7:10, பிளக்ல 181, ரெண்டர் 64 பர்சன்ட். ஜன்னல் சாத்தியிருக்கு.

5600 பண்டிகை முடிஞ்சு பணம் வந்ததும். பயாஸ் அப்டேட்டுக்கு எந்த நாள் நல்ல நாள் அண்ணா?

குன்னூர் சர்வீஸ்:

பஞ்சாங்கம் வேண்டாம். உங்க ஊருக்கு மாசாந்திரப் பராமரிப்புக் கரண்ட் கட் என்னைக்குன்னு பேப்பர்ல போடுவாங்க. அதுக்கு மறுநாள் காலை பதினோரு மணி. யுபிஎஸ் என்கிட்ட ஒண்ணு இருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்க, முடிஞ்சதும் திருப்பிக் குடுத்தாப் போதும். தங்கச்சி பென்சிலையும் திருப்பிக் குடுத்துடுங்க.