வாவி 'நிகழ்வா', 'சங்கமா'?

வாவிக்கரையான்: நேற்று இங்கே ஒருவர் எழுதினார்: மட்டக்களப்பு வாவி நாளுக்கு நாள் மாறுகிறதாம், ஆகையால் ஆங்கில மெய்யியலாளர் வைற்ஹெட் உலகின் அடிப்படை அலகாகச் சொன்ன 'மெய்நிகழ்வு' அதுதானாம், எனவே நியூசிலாந்து 2017இல் வங்கனுயி ஆற்றுக்குக் கொடுத்த சட்ட ஆளுமையை, அதாவது ஆளைப்போல் சட்ட உரிமையை, இதற்கும் கொடுக்கவேண்டுமாம். மாறுவதால்தான் அது மெய்நிகழ்வு இல்லை. வைற்ஹெட்டிடம் மெய்நிகழ்வு மாறாது, நகராது. உண்டாகும், அழியும், அவ்வளவுதான். மாறுவது நிகழ்வுகள் கூடிய 'சங்கம்'. வாவி ஒரு சங்கம்.

நீலவாவி: அந்த "ஒருவர்" நான்தான். பேர் சொல்லக் கூசுதோ? பாடும்மீன் தகராறிலும் இப்படித்தான், ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கினீர்கள். எல்லாம் ஓட்டம் என்பதுதான் வைற்ஹெட்டின் நிகழ்முறை மெய்யியல். வாவி ஓடுது. நிகழ்வு.

வாவிக்கரையான்: எல்லாம் ஓட்டம் என்றது பழைய கிரேக்கத்து ஹெரக்கிளிற்றஸ். வங்கனுயிச் சட்டமும் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ஆற்றை மூதாதையாகக் கொள்வதிலிருந்து வந்தது, வைற்ஹெட்டுக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

ஏட்டுச்சுவடி: முதலில் வைட்ஹெட் என்று எழுதப் பழகுங்கோ. அதென்ன 'வைற்'?

வாவிக்கரையான்: மீற்றர், லீற்றர் எழுதும்போது உறுத்தாத கண் இப்ப ஏன் உறுத்துது?

கிட்டங்கியான்: சங்கமோ சபையோ. மாரியில வாவியின்ர தெற்குப் பக்கத்துக் கிட்டங்கி வீதி தண்ணிக்குள்ள போகும்போது, வாவி கடலோட சேருற, மணல் மூடின ஆற்றுவாயை எப்ப வெட்டுறதெண்டு உங்கட மெய்யியல் சொல்லுமோ?

வாவிக்கரையான்: எப்படி யோசிப்பதென்று சொல்லும். நீர்மட்டம் என்ற ஒற்றை எண்ணை வைத்து வெட்டுவதுதான் பிழை. கணக்குக்காகப் பிரித்தெடுத்ததை முழுப்பொருளென்று மயங்குவதை வைற்ஹெட் 1925இலேயே கண்டித்தார். 1929 நூலில் இன்னும் விரித்தார். பொருளியலாளர் டேலியும் இறையியலாளர் கொப்பும் 1989இல் அதே பிழையைப் பொருளியலில் காட்டினார்கள். இங்கே பாருங்கள். பெக்கோ இயந்திரம் இழுப்பது ஒடுங்கின வாய்க்கால் மட்டும். மீதியை வாவிக்கும் கடலுக்கும் உள்ள மட்ட வித்தியாசமே அரித்து அகலமாக்கும். வித்தியாசம் போதாமல் முந்தி வெட்டினால் ஓட்டத்துக்கு வேகமில்லை, அலை மணலைக் கொண்டுவந்து திரும்ப அடைக்கும். பிந்தினால் பள்ள வயல்வட்டைகளில் வேளாண்மை அழுகும். கடல் வற்றும் நேரம் பார்த்துத் தொடங்கலாம்தான், ஆனால் நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதை நம்பி இருக்க ஏலாது. வெட்டியதோடு முடியவுமில்லை. இறால்குஞ்சு உள்ளே வருவதும் வளர்ந்த இறால் வெளியே போவதும் அதே வாயால். மழை ஓய்ந்தால் உப்பும் அதே வாயால்தான். மின்கடத்தலால் அளக்கும் மண்ணின் உப்பு மீற்றருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் நெல் விளைச்சல் ஏறத்தாழ 12 வீதம் விழும். 5 என்றால் கால்வாசி போச்சு. நாற்றுக்கும் பூக்கும் பருவத்துக்கும்தான் அடி கூட.

நீலவாவி: அவ்வளவும் நடக்குது எண்டு நீங்களே சொல்றீங்கள். நடப்பது நிகழ்வு.

வாவிக்கரையான்: நடப்பதெல்லாம் மெய்நிகழ்வு என்றால் கல்லடிப் பாலமும் மெய்நிகழ்வு.

ஏட்டுச்சுவடி: இதுக்கு வைட்ஹெட் எதுக்கு? மணிமேகலை 30ஆம் காதையில் பௌத்தத்தின் பன்னிரு சார்பு இருக்கு. ஒன்று இருந்தால்தான் அடுத்தது தோன்றும்.

வாவிக்கரையான்: இருக்கு. அது துன்பத்தின் தோற்றம் சொல்ல வந்தது, மணல்திட்டின் தோற்றம் சொல்ல இல்லை. 'வைட்'டை விட்டுட்டீங்களோ?

ஏட்டுச்சுவடி: விடயில்ல.

கிட்டங்கியான்: வாய் எண்டால் மட்டக்களப்பு நகருக்குக் கிட்ட உள்ள பாலமீன்மடு மட்டும்தானோ? தெற்கே கல்லாற்றிலும் ஒரு வாய் இருக்கு. அம்பாறைப் பக்கத்துத் தண்ணி உங்கட கணக்கில் வராதோ?

வாவிக்கரையான்: வருது. 56 கிலோமீற்றர் நீளமான வாவி. ஆற்றுவாய் திறந்த நாளில் பாலமீன்மட்டில் மட்டம் விழும், கிட்டங்கியில் அப்படியே நிற்கும். காற்றுத் திசை மாறினால் அதுவும் மாறும். "வாவியின் நீர்மட்டம்" என்று ஒரே எண் சொல்பவருக்கு வாவியையே தெரியாது.

நீலவாவி: அப்ப ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு நிகழ்வு. ஒத்துக்கொண்டதுக்கு நன்றி.

வாவிக்கரையான்: அதனால்தான் சங்கம். மூன்றாம் தரம் எழுதுகிறேன்: மாறுவது சங்கம்.

கிட்டங்கியான்: மறுகா, எப்ப வெட்டுறது?

நீலவாவி: நிகழ்வு.