தரம் 6 பிள்ளை தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக எப்படிப் பழக்குவது?

வாய்க்கால்கரை:
வணக்கம் உறவுகளே. மகளுக்குப் பத்து வயது, உயரம் 132 சென்ரிமீற்றர். வாற ஜனவரி தரம் 6. புதுப் பள்ளிக்கூடம் 4 கிலோமீற்றர்: முதல் ஒன்றரை கிரவல் ஒழுங்கை, மிச்சம் பரந்தன்–முல்லைத்தீவு வீதி. இன்னும் ஓடத் தெரியாது. வீட்டில் நிற்கிற 26 இஞ்சிச் சைக்கிளில் பழக்கலாமா? தனியாக விடலாம் என்று எதை வைத்து முடிவெடுப்பது?

ஒட்டுப்பெட்டி:
26 இஞ்சி வேண்டாம். அந்த உயரத்துக்குச் சீற்றை அடிமட்டம் இறக்கினாலும் இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படாது. கால் எட்டாத பிள்ளை பயத்தில் ஹாண்டிலை இறுக்கும், இறுக்கினால் பலன்ஸ் வராது. 24 இஞ்சி, நடுவில் பார் இல்லாதது, செயின் கவர் உள்ளது எடுங்கள். கவர் இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டையின் கரை செயினுக்குள் போகும். "வளர்ந்தால் சரிவரும்" என்று பெரிதாக வாங்குவது எங்கட பக்கத்தில் வழமையான பிழை.

பழக்கும்போது பெடல் இரண்டையும் 15 மில்லிமீற்றர் ஸ்பனரால் கழற்றிவிடுங்கள். வலப்பக்கம் இடஞ்சுழியாகக் கழலும். இடப்பக்கத்துப் புரி மறுவளம், வலஞ்சுழியாகத் திருப்ப வேணும். தெரியாமல் பலம் போட்டால் புரி நாசமாகிவிடும். பிறகு மைதானத்தில் மெல்லிய சரிவாகப் பார்த்து, காலால் நிலத்தை உந்தி உந்திப் போக விடுங்கள். குளக்கட்டிலோ வாய்க்கால் கட்டிலோ பழக்க வேண்டாம். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு 10 மீற்றர் போனால் பெடலைப் பூட்டலாம். கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடாதேங்கோ, பிள்ளை உங்கட கைப்பலத்தில் சாயப் பழகிவிடும்.

ஓடத் தொடங்கியதும் சீற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். சீற்றுக் கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது.

சில்லுக்கம்பி:
ஓடப் பழகுவதை விட றோட்டுக்குப் பழகத்தான் நாள் வேணும். இரண்டு மாதம் முதலே தொடங்குங்கள்.

கிரவலில் வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைக்க வேணும், வளைவுக்குள் பிறேக் பிடித்தால் முன்சில்லு வழுக்கும். மணல் சேர்ந்த இடத்தில் ஹாண்டிலைத் திருப்பாமல் நேராக உழக்க வேணும், முடியாவிட்டால் இறங்கி உருட்ட வேணும். மழைக்கு ரிம் நனைந்தால் பிறேக் பிந்தித்தான் பிடிக்கும்.

பெரிய வீதியில் நான் அதிகம் பயப்படுவது தார் விளிம்புக்கு. பஸ் கடக்கும்போது ஒதுங்கிச் சில்லு விளிம்பால் இறங்கிவிட்டால், ஓடிக்கொண்டே திரும்ப ஏறப் பார்க்கக் கூடாது. சில்லு விளிம்பில் உரசி, பிள்ளையை றோட்டின் நடுப்பக்கம் தள்ளி விழுத்தும். அப்படியே நின்று, இறங்கி, தூக்கி வைத்து ஏற வேணும். இதை ஆளில்லாத இடத்தில் பல தடவை செய்து பழக்குங்கள். வீதியைக் கடப்பது எப்போதும் உருட்டிக்கொண்டுதான்.

தனியாக விட மூன்றைப் பாருங்கள்: ஹாண்டில் ஆடாமல் வலத்தோளுக்கு மேலால் பின்னால் பார்க்க வேணும், கை காட்டியபடி ஒரு கையால் 10 மீற்றர் போக வேணும், சொன்ன கோட்டில் நிற்க வேணும். மூன்றும் சரியென்றால் ஒரு கிழமை பின்னால் போங்கள், அடுத்த கிழமை 50 மீற்றர் விட்டுப் போங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: எந்தக் காரணத்துக்கும் பற்றைக்குள் குறுக்கு வழி இல்லை. சிவப்பு மிதிவெடிப் பலகை கண்டால் வந்த பாதையாலேயே திரும்ப வேணும்.

வாய்க்கால்கரை:
நன்றி, 24 தான் எடுக்கிறோம். ஒழுங்கை முழுக்க நெருஞ்சி. காற்றுப் போனால்? புத்தகப் பையை எங்கே வைப்பது?

ஒட்டுப்பெட்டி:
பையைக் கரியரில் பழைய ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். ஹாண்டிலில் தொங்கவிட்டால் திருப்பும்போது இழுக்கும்.

நெருஞ்சிக்குத் தினமும் ரயரைச் சுற்றிப் பார்த்து முள்ளைப் பிடுங்குவதுதான் வழி. வழியில் காற்றுப் போனால் உருட்டிக்கொண்டு வரட்டும். ஏறி ஓடினால் ரியூப் மடிந்து கிழியும். ஒட்டும்போது ரியூப்பை அரத்தாள் போட்டுத் தேய்த்து, பசை பூசி, ஈரம் போகக் காத்திருந்து ஒட்டுங்கள். அவசரப்பட்டு ஒட்டினால் கழன்றுவிடும். ரியூப்பைத் திரும்பப் போட முதல் ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் முனை அங்கே இருந்தால் பின்னேரமே திரும்பவும் ஒட்டவேண்டி வரும்.