எக்ஸ், ஒய், இசட் மூன்றும் ஒட்டி வரும் ஆங்கில வார்த்தை: உங்களை யாராவது இப்படி மாட்டிவிட்டதுண்டா?

பொருநைக்கரை:
செங்கோட்டை பாசஞ்சர். எதிர் சீட்டில் ஒரு குறுக்கெழுத்துப் பெரியவர். இந்த ரகத்தை உங்களுக்கே தெரியும். பேப்பரை எட்டாக மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டு, ஓரத்தில் எழுத்துகளை வட்டமாக எழுதி, அதையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். சேரன்மகாதேவி தாண்டி ஒரு குளம் வந்ததும் ஜன்னல் கம்பியில் பேனாவால் ஒரு தட்டு. "தம்பி, ஏ, பி, சி மூணும் அதே வரிசையில ஒட்டி வார வார்த்தை அந்தா முங்குது பாருங்க."

முக்குளிப்பான். வாலே இல்லாத குண்டுப் பறவை, இங்கே முங்கி நாலு முழம் தள்ளி எழும்பித் தலையை உதறியது. ஆங்கிலத்தில் டாப்சிக்: டி-ஏ-பி-சி-ஹெச்-ஐ-சி-கே. அப்புறம் நிற்கவே இல்லை. டிஃபீட்டில் டி-இ-எஃப், ஹைஜாக்கில் ஹெச்-ஐ-ஜே, ஸ்டூடன்ட்டில் எஸ்-டி-யூ. அம்பை வந்ததும் பையை எடுத்தார். "அப்போ எக்ஸ், ஒய், இசட்?" என்றேன். "இருக்கு. கடையில விக்கான். யோசிங்க." இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து தூக்கம் போச்சு. கூகுளில் தேடச் சொல்லாதீர்கள், தேடினால் அவரிடம் தோற்றதாகிவிடும்.

வண்ணாரப்பேட்டை மெடிக்கல்:
அண்ணாச்சி, எங்கள் கடையில்தான் விற்கிறோம். ஹைட்ராக்சிசின். அரிப்புக்கு எழுதும் மாத்திரை. ஹெச்-ஒய்-டி-ஆர்-ஓ வரைக்கும் ஹைட்ரோ, அப்புறம் எக்ஸ்-ஒய்-இசட், கடைசியில் ஐ-என்-இ.

எனக்கும் இதில் ஒரு கதை உண்டு. நல்ல மழை, ஒரு அக்கா கைப்பிள்ளையோடு நனைந்து வந்தார். சீட்டில் முன்னும் பின்னும் மை கரைந்து, நடுவில் எக்ஸ்-ஒய்-இசட் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. டாக்டர் ஏதோ விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார் என்று சிரித்துவிட்டேன். "பிள்ள சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருது, ஒனக்குச் சிரிப்பு வருதோ?" என்று ஒரு சத்தம். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் கொடுத்தோம். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்று, இதைச் சாப்பிட்டால் தூக்கம் வரும். அண்ணாச்சிக்குத் தேவைதான், ஆனால் சீட்டு இல்லாமல் தர மாட்டேன்.

அகராதிப்புலி:
மருந்துப் பெயரெல்லாம் வார்த்தையா? அப்படியானால் உங்கள் கடை அலமாரி முழுக்க வார்த்தைதான். எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை சேர்க்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் ஆள் பெயர், ஊர்ப் பெயர் செல்லாது, தெரியுமா? பெரியவர் ஏமாற்றியிருக்கிறார்.

வாய்க்காப்பாலம்:
புலி, கம்பெனி அட்டையில் போடும் பெயர் வேறு, மருந்தின் பெயர் வேறு. பின்னது அகராதியில் சின்ன எழுத்தில் தொடங்கி இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

என் கதை க்யூ. மேலப்பாளையத்தில் நண்பன் வீட்டு மொட்டை மாடி, ஸ்கிராபிள் முடியப்போகிறது. ஆட்டத்தில் மொத்தமே 4 யூ, நாலும் பலகைக்குப் போயாச்சு. க்யூ என் கையில், பின்னால் வைக்க யூ இல்லை. அது கையில் தங்கினால் 10 புள்ளி கழியும். சுலைமானி டீ கொண்டு வந்த அவன் உம்மா என் கட்டைகளை எட்டிப் பார்த்தார். "இது காஜியார் வீட்டு போர்டுல மொதல்ல கெடக்க எழுத்துல்லா?" என்றார். அவ்வளவுதான், நண்பன் துள்ளினான்: "க்யூ-ஏ-டி-ஐ! வைலே!" காஜி, அதாவது முஸ்லிம் நீதிபதி, ஆங்கிலத்தில் இப்படியும் எழுதுவார்கள். அரபியில் அடித்தொண்டையில் வரும் காஃப் எழுத்துக்கு ஆங்கிலத்தில் க்யூ போடுவார்கள், பின்னால் யூ தேவையில்லை. ஃபகீர், நிகாப் எல்லாம் அந்த வழிதான். 14 புள்ளி. நான் எம்.ஏ. ஆங்கிலம். உம்மா ஆங்கிலப் பாடம் படித்தவரே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

பென்ஷன் வாத்தியார்:
பேத்தி 'வேர்டில்' என்கிற வார்த்தை ஊகிக்கும் ஆட்டம் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் விரட்டுகிறாள். என் அனுபவம் அவ்வளவே. ஆனால் இங்கே யாரும் முறையாகத் தேடுவதாகத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன்.

எழுத்துகளை வரிசையாக எழுதாதீர்கள். வட்டமாக எழுதினால்தான் கண் பழைய வரிசையை விடும். ரயில் பெரியவர் விவரமானவர். அடுத்து, வார்த்தையின் வாலைப் பிடியுங்கள்: ஐ-என்-ஜி, இ-டி, டி-ஐ-ஓ-என் இருந்தால் தனியே ஒதுக்குங்கள், மிச்சம் தானே அவிழும். ஆங்கிலத்தில் அதிகம் புழங்குவது இ, அப்புறம் டி, ஏ, ஓ, ஐ, என். பழைய லைனோடைப் அச்சு யந்திரத்தில் விசைகளையே இந்தக் கணக்கில்தான் அடுக்கியிருந்தார்கள். வேர்டிலில் 5 எழுத்து, 6 வாய்ப்பு. முதல் வாய்ப்பிலேயே இவற்றில் நாலைத் தட்டிவிட வேண்டும். பேத்தி கேட்பதில்லை. உயிரெழுத்தே இல்லாத மாதிரி தெரிந்தால் ஒய்யைப் பாருங்கள், ரிதம் அப்படித்தான். எக்ஸும் ஒய்யும் ஒட்டி வந்தால் கிரேக்க வழி, வேதியியல் பக்கம் போங்கள். ஆக்சிஜன் ஞாபகம் வந்திருந்தால் மாத்திரை தன்னால் வந்திருக்கும். க்யூ தனியாக நின்றால் அரபி, இல்லாவிட்டால் சீனம்: க்யூ-ஐ என்ற இரண்டெழுத்தை அமெரிக்க ஸ்கிராபிள் பட்டியலில் 2006-இல் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் லினக்ஸில் ஒரு சொற்பட்டியலை வைத்து, க்ரெப் என்ற தேடல் கட்டளையை அடித்தால் நொடியில் வரும். 

வைகுண்டத்துக்காரி:
சார், கேட்டது அனுபவம்!

எனக்கு ஏழாம் வகுப்பு. போர்டில் 'கம்யூனிகேஷன்' என்று எழுதிப்போட்டு, அதிலிருக்கும் எழுத்துகளில் வார்த்தை எடுக்கச் சொன்னார் டீச்சர். எல்லோரும் நேஷன், யூனியன், ஆக்‌ஷன். நான் மவுன்ட்டன், ஆக்‌ஷனுக்கு நடுவே ஏ-என்-ஐ-சி-யூ-டி என்று எழுதினேன், அனிகட். அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர், ஆற்று அணையின் ஷட்டர் திறக்கப் போகும்போது சைக்கிளில் கூடப் போவேன், அங்கே போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கும். டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "இது தமிழ்ம்மா, அணைக்கட்டு" என்றார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிவப்புக் கோடு பேப்பரைக் கிழித்துப் பின்பக்கம் வரை போயிருந்தது. காலேஜில் பெரிய அகராதியைத் திறந்தால் சொல் இருக்கிறது, தமிழிலிருந்து வந்தது என்றும் போட்டிருக்கிறது. தாமிரபரணியில் 8 அணைக்கட்டு, அதில் எங்கள் ஊரில் இருப்பது வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அவன் ரிப்போர்ட்டில் எழுதி எழுதியே அவன் அகராதிக்குள் போயிருக்கும் என்பது என் ஊகம். டீச்சரைத் தேடிப் போய்க் காட்டலாமா என்று இப்போதும் தோன்றும்.

பொருநைக்கரை:
காட்டுங்கள் தங்கச்சி. மெடிக்கல் தம்பி, நன்றி. ஆனால் விடையைக் கொஞ்சம் தள்ளி எழுதியிருக்கலாம், முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டீர்.

அகராதிப்புலி:
அனிகட் செல்லும். மாத்திரையை இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.